நாலாவது கட்டை

டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரிக்குக் கட்டை என்று பெயர். இரண்டு கட்டை லைட், மூன்று கட்டை லைட் என்றால் பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும். புரியாத ஒரே ஒரு ஆள் தண்ணீர் அலுவலகத்தின் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார். மீட்டர்க்காரர் அவரிடம் போய், 'பெரிய கட்டை, மூன்று, அவசரம்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பதினெட்டு நாள் கழித்து அந்த அவசரத்துக்குப் பலன் கிடைத்தது. மூன்று மரக்கட்டைகள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், லாரிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற ரகம், முனையில் அலுவலக முத்திரை வேறு.

"சார், நான் கேட்டது லைட்டுக்குப் போடற கட்டை" என்றார் மீட்டர்க்காரர்.

"அப்படின்னு சீட்டுல எழுதியிருக்கா?" என்றார் ஸ்டோர்காரர்.

"மீட்டர் படிக்கிறவன் வேற எந்தக் கட்டையக் கேப்பான் சார்? அடுப்பெரிக்கவா?"

"எதுக்குக் கேக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்றது என் வேலை இல்ல. கேட்டதைக் குடுத்தாச்சு, கையெழுத்துப் போடு. ஸ்டோரை விட்டு வெளியே போன சாமான் திரும்ப உள்ள வராது."

அப்புறம் போனால் போகிறதென்று இன்னொரு தகவலும் சொன்னார். பெரிய பேட்டரியைக் கொள்முதல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்களாம். இனிமேல் விரல் தடிமன் இருக்கிற சின்ன பேட்டரிதான். அது வேண்டுமானால் பெட்டி பெட்டியாக இருக்கிறதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வரம் கொடுத்தான், யாரும் கேட்காத வரம். மீட்டர்க்காரர் மூன்று மரக்கட்டையையும் ஒரு பெட்டி சின்ன பேட்டரியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பதினோரு வருடம் நீடிக்கிற ஒன்றைத் தற்காலிகம் என்று சொல்ல அலுவலகத்தால் மட்டும்தான் முடியும். இருபத்திரண்டு தெருக்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். கொக்கி போட்டு அதைத் தூக்கினால் நாலடிக் குழி, குழிக்கு அடியில் தண்ணீர் மீட்டர். நட்டநடுப் பகலிலும் உள்ளே கும்மிருட்டு. குப்புறப் படுத்து, ஒரு கையைத் தோள்வரை உள்ளே விட்டு, லைட் அடித்து, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஐந்து இலக்கத்தைப் படித்து, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, அலுவலகம் கொடுத்த போனில் ஏற்ற வேண்டும். அந்தப் போன் வெளிச்சத்திலேயே படிக்கக் கூடாதா என்று கேட்டால், கூடாது. யாரோ ஒரு புண்ணியவான் அடுத்தடுத்து மூன்று போனைக் குழிக்குள் போட்டதிலிருந்து, குழிப் பக்கம் போனை நீட்டினால் நடவடிக்கை என்று சுற்றறிக்கை இருக்கிறது.

அதனால் எல்லாம் அந்த லைட்தான். நீளமான பித்தளை லைட், மூன்று கட்டை போடுவது, வேலைக்குச் சேர்ந்த நாளில் கையில் கொடுத்தது. கீழே விழுந்தாலும் அணையாது. வெளிச்சம் சிதறாமல் ஒரே இடத்தில் போய் விழும்.

இந்த வருடம் நிரந்தரமாக்குகிறவர்களின் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் வந்தால் ஓய்வுபெறும் வயதுவரை கவலை இல்லை. மனைவிக்கும் சேர்த்து மருத்துவ வசதி உண்டு. அதற்கு ஒரு விதி. ஒரே வருடத்தில் மூன்று தடவை தப்பாகப் படித்தவர் பெயர் பட்டியலில் இருக்காது. மீட்டர்க்காரர் பத்தரை வருடம் ஒரு தப்பும் செய்யாத மனிதர். பெரிய பேட்டரி தீர்ந்து போன இந்த நாலு மாதத்தில் இரண்டு செய்துவிட்டார்.

முதல் தடவை ஒரு மூன்றை எட்டு என்று படித்தார். நூறாம் இடத்து இலக்கம். ஒரே மாதத்தில் அந்த வீடு ஐந்நூறு யூனிட் தண்ணீரைக் குடித்ததாகக் கணக்கு வந்தது. "மூணு பேர் இருக்கற வீடுய்யா அது. யானை கீனை வளர்க்கறாங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர். அடுத்த தடவை உல்டா. எட்டை மூன்றாகப் படித்தார். போன மாதத்தைவிட இந்த மாதம் குறைந்து போயிற்று. "குடிச்ச தண்ணியத் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றார் சூப்பர்வைசர். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"லைட் மங்கல் சார். கட்டை இல்ல" என்றார் மீட்டர்க்காரர்.

"எனக்குக் காரணம் வேணாம். இன்னும் ஒண்ணு வந்தா நானே என் கையால உன் பேரை அடிக்கணும். பட்டியல் போற வாரம் புதன்கிழமை உன்கூட வருவேன். நீ படி, நான் சரிபார்க்கறேன். அதுக்குள்ள லைட்டைச் சரி பண்ணிக்க."

அன்றைக்கு ஆரம்பித்தது அவருடைய அடாப்டர் பைத்தியம்.

புதிதாக ஒரு லைட் வாங்கினால் என்ன என்று அவர் மனைவி கேட்டாள். கேட்டது மட்டுமில்லை, ஒன்றை வாங்கியும் வந்தாள். கைக்கு அடக்கமானது, பட்டனைத் தட்டினால் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். அவர் அதைக் குழிக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, மீட்டர் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, ஒரு எண்ணும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அவள் அதைக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். அது அங்கே நன்றாகத்தான் எரிந்தது.

"சின்னக் கட்டைய வச்சே பெரிய லைட்டை எரிய வைக்கிறேன் பாரு" என்றார் அவர்.

கேட்க எளிது. சின்னது பெரியதைவிட ஒரு சுண்டுவிரல் அகலம் குட்டை, பாதிக்கும் கீழே ஒல்லி. அப்படியே போட்டால் பித்தளைக் குழாய்க்குள் கடகடவென்று உருளும். ஆக, பெரியதன் அளவுக்கு அடாப்டர் என்று ஓர் உறை வேண்டும், நடுவில் சின்னது அசையாமல் நிற்க வேண்டும், குறைகிற நீளத்தை உலோகத்தால் நிரப்ப வேண்டும். முதலில் செய்தித்தாளைச் சுருட்டிச் சுற்றினார், அடியில் ஒரு போல்ட்டை வைத்தார். எரிந்தது. மூன்றாம் நாள் குழியின் ஈரத்தில் காகிதம் ஊறிப் பருத்து, லைட்டுக்குள் அடைத்துக்கொண்டது. குச்சியை விட்டுக் குத்தி, தட்டி, கவிழ்த்து, கடைசியில் அரைத்த மாவு மாதிரி அது வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அவர் சாப்பிடவில்லை, சோறு ஆறிக் கிடந்தது.

அடுத்தது பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு இது முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டார். ஓர் அங்குலக் குழாயின் வெளிச்சுற்றளவு பெரிய கட்டைக்கு அச்சு அசல். அரை அங்குலக் குழாய்க்குள் சின்னது வழுக்கிக்கொண்டு போகும். ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, இடைவெளியில் சைக்கிள் டியூபை வெட்டிச் செருகி, அடியில் போல்ட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டம். ஒரு அடாப்டரில் நூலளவு ஆட்டம் என்றால் மூன்றில் மூன்று நூல். நடக்கிற நடைக்கு லைட் மின்னி மின்னி அணைந்தது. மீட்டர் அருகே கொண்டுபோனால் அணையும். எழுந்து நின்று திட்டினால் எரியும்.

"அது உங்களைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்றாள் மனைவி.

"உனக்கு எல்லாம் வேடிக்கை. பேரு போச்சுன்னா தெரியும்."

"நான் என்ன சொல்லிட்டேன் இப்ப? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். அந்த மாதிரி எதுக்கெடுத்தாலும் லைட்டு லைட்டுன்னா…"

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவரும் இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. அந்தப் பழமொழியை ஏன்தான் சொன்னோம் என்று அவள் பின்னால் நொந்துகொண்டாள்.

மரத்தின் யோசனை மைத்துனருடையது. மனைவியின் தம்பி, கட்டில் கால், மேசைக் கால் கடைகிற பட்டறை வைத்திருப்பவர். ஒருநாள் அக்காவைப் பார்க்க வந்தவர், ஸ்டோர் கொடுத்த முத்திரைக் கட்டைகள் இரண்டு தண்ணீர் டிரம்முக்கு அடியிலும் ஒன்று கதவுக்கு முட்டாகவும் இருப்பதைப் பார்த்தார்.

"மாமா, இவ்வளவு நல்ல மரத்தை வச்சுக்கிட்டு பிளாஸ்டிக்கோட மல்லுக்கட்டறீங்களே. நயம் தேக்கு மாதிரி இருக்கு. குடுங்க, கடைஞ்சு தரேன். கட்டைக்குக் கட்டையே பொருத்தம்."

டிரம் சாய்ந்து சமையலறை நனைந்ததைப் பற்றி மனைவி சொன்னதை இங்கே எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் மாமனும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து, பெரிய பேட்டரி அளவுக்கு மூன்று உருளை கடைந்து, நடுவில் துளை போட்டு, அடியில் பித்தளைத் திருகாணி இறக்கினார்கள். ஆட்டமே இல்லை. இரண்டு நாள் நன்றாக எரிந்து, மூன்றாம் நாள் சுத்தமாக எரியவில்லை. மரம் ஈரத்தில் ஒரு முடியளவு உப்பி, பேட்டரியின் மூக்கு உள்ளே அமுங்கிவிட்டது. ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடியைத் தொடவில்லை. மறுபடி பட்டறை. மரத்துக்கு எண்ணெய் ஊட்டி, மூக்கின்மேல் ஒரு பித்தளை டிராயிங் பின்னைப் பற்றவைத்து உயர்த்தினார்கள். எரிந்தது. விடாமல் எரிந்தது.

"இப்ப எப்படி மாமா?"

மீட்டர்க்காரர் பட்டறையின் இருட்டு மூலையில் அடித்துப் பார்த்தார். "எரியுது. ஆனா மங்கல். பழைய வெளிச்சம் இல்ல."

"மங்கலா? எனக்கு நல்லாத்தானே இருக்கு. பெரிசும் ஒன்றரை வோல்ட், சின்னதும் ஒன்றரை வோல்ட். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது மாமா."

"காரம் இருந்தா எனக்குத் தெரியாதா? சின்னது திணறுது மாப்பிள்ளை. ஒவ்வொரு கட்டைக்குள்ளயும் ஒண்ணுக்குப் பதிலா மூணு சின்னது நிக்க வைக்கணும். பக்கம் பக்கமா. அப்பத்தான் தம் கட்டும்."

மைத்துனர் துளைக் கருவியை எடுத்தார். ஓர் உருளைக்குள் மூன்று துளை என்றால் துளைகளுக்கு நடுவே மரம் காகிதமாகத்தான் மிஞ்சும். நாலு உருளை பிளந்தது. ஐந்தாவது, கடைசல் முடிந்து கையில் எடுக்கிற நேரத்தில் பிளந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பது இதுதான். மைத்துனர் கட்டில் கால் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு இதைச் செய்துகொண்டிருந்தார், அந்தக் கட்டிலுக்கு உரியவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒன்பது சின்ன பேட்டரி தாங்குகிற மூன்று உருளைகள், பித்தளைத் தகடு மேலும் கீழும் பதித்து, கோடு போட்ட மாதிரி வந்து சேர்ந்தன. அவற்றைச் செய்த கைகளில் எட்டு இடத்தில் கீறல்.

"இப்ப?" என்றார் மைத்துனர்.

மீட்டர்க்காரர் நெடுநேரம் சுவரில் அடித்துப் பார்த்தார். அப்புறம், "மங்கல்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. புதன்கிழமைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில் மூன்று நாள் அவர் வீட்டிலேயே ஒரு குழியைத் தயார் செய்வதில் போயிற்று. காயலான் கடையிலிருந்து செத்துப்போன மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, மாடிப்படிக்கு அடியில் விறகும் பழைய வாளியும் கிடக்கிற பொந்தில் நாலடி உள்ளே வைத்தார். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே குழியைப் போலவே இருட்டு. குப்புறப் படுத்து, செய்த அடாப்டர் அத்தனையையும் ஒன்று மாற்றி ஒன்று போட்டு, எதில் நன்றாகத் தெரிகிறது என்று பார்த்தார். மறுபடி சுருட்டிய காகித உருளையிலிருந்து ஒன்பது பேட்டரிக் கட்டைவரை எல்லாம் ஒரே லட்சணம். கடைசிக்கு முந்தின இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை மனைவி வாளி எடுக்க வந்தாள். அவர் அப்போது லைட்டுக்குள் போட்டிருந்தது காகித அடாப்டர், அதுவும் பாதி உயிர் போன பேட்டரியோடு. சும்மா ஒப்பிட்டுப் பார்க்கப் போட்டது. அவள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"காலை மடக்குங்க, வாளியை எடுக்கணும். பதினேழாயிரத்து அறுநூத்து எண்பத்து நாலு. இதை எத்தனை நாளா பார்த்துக்கிட்டு இருப்பீங்க?"

"என்ன சொன்னே?"

"வாளி."

"எண்ணைச் சொல்லு."

அவள் சொன்னாள். அவர் படுத்திருந்த இடத்தைவிட இரண்டடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஓடுகிற பேருந்தின் எண்ணைப் படிப்பதுபோலச் சொன்னாள். அவர் அடாப்டரை மாற்றினார். மறுபடி சொன்னாள். இன்னொன்றை மாற்றினார். மறுபடி அதே எண். எல்லாவற்றிலும் அவளுக்கு எண்பத்து நாலு எண்பத்து நாலாகவே இருந்தது.

அவர் லைட்டை அணைத்துவிட்டு அப்படியே கிடந்தார். அவள் சாக்கைத் தூக்கிவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள், அப்புறம் வலது கண்ணை. வாசல் பக்கம் தெரிகிற காலண்டரில் தேதியைப் படிக்கச் சொன்னாள். இடது கண் படித்தது, தப்பும் தவறுமாக. வலது கண்ணுக்கு அங்கே காலண்டர் இருப்பது தெரிந்தது, அவ்வளவுதான்.

"ஏங்க, எதிர்ல வண்டி வந்தா கண்ணு கூசுதுன்னு ரெண்டு மூணு தடவை சொன்னீங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்" என்றாள் அவள்.

"நாலு மாசம்டி" என்றார் அவர். "நாலு மாசமா லைட்டைத் திட்டிக்கிட்டிருந்திருக்கேன்."

திங்கட்கிழமை கண் டாக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை, வலதில் முற்றியது. பயப்பட ஒன்றுமில்லை என்றார். கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்ளேயே புது லென்ஸை வைத்துவிடுவார்களாம்.

"அந்த உறைக்குப் புதுசு அளவு சரியா இருக்குமா டாக்டர்?"

"அளந்துதான் வைப்போம்."

"ஆட்டம் இருக்காதே?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதுபோல டாக்டர் அவரைப் பார்த்தார். "இருக்காது" என்றார். இலவசப் பிரிவில் வரிசை நீளம், ஒன்றரை மாதம் ஆகும் என்று சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். பட்டியல் போவதோ அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர் வருகிறார். அதுவரைக்கும் இடது கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீட்டரையும் மூன்று தடவை படுத்து எழுந்து படித்தார். வேலை இருட்டும் வரை இழுத்தது.

வழி சொன்னது மனைவிதான். சூப்பர்வைசர் எந்தத் தெருவைப் பார்ப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கிற தெரு, நிழல் உண்டு, முனையில் டீக்கடையும் உண்டு. புதன்கிழமை விடிந்ததும் அவள் கொக்கியையும் லைட்டையும் காய்கறிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய், அந்தத் தெருவின் பதினாலு மூடியையும் தூக்கிப் பார்த்து எண்களை எழுதிவந்தாள். கேட்டவர்களிடம், அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். ஒருவிதத்தில் அது பொய்யும் இல்லை. அவர் பல் விளக்கிக்கொண்டே மனப்பாடம் செய்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டுக்குக்கூட அவ்வளவு பாடுபட்டதில்லை.

பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். முதல் மூடி. மீட்டர்க்காரர் குப்புறப் படுத்தார், லைட் அடித்தார், மனதில் இருந்த எண்ணைச் சொன்னார். சூப்பர்வைசர் லைட்டை வாங்கித் தானும் குனிந்து பார்த்தார்.

"சரி" என்றார். அப்புறம் லைட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோவ், என்னய்யா வெளிச்சம் இது. பெரிய கட்டைதான் இல்லைன்னாங்களே, எங்க பிடிச்ச?"

மீட்டர்க்காரர் அடிமூடியைத் திருகி, மூன்று மர அடாப்டரையும் கையில் கொட்டிக் காட்டினார். சூப்பர்வைசர் ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்து, ஒரே உருளைக்குள் மூன்று பேட்டரி நிற்பதையும், பித்தளைத் தகட்டையும், எண்ணெய் ஊறின மரத்தையும் தடவித் தடவிப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைப் புரிந்துகொண்டு பார்க்கிறார். மீட்டர்க்காரருக்கு ஒரு கணம் எல்லாம் மறந்து போயிற்று. ஈரத்தில் மரம் உப்பியது, மூக்கு அமுங்கியது, ஐந்தாவது உருளை பிளந்தது என்று கதை முழுவதும் சொன்னார். சூப்பர்வைசரும் தலையாட்டிக் கேட்டார்.

நாலு மீட்டர் சரியாக வந்தது. மனிதருக்குத் தைரியம் வந்துவிட்டது. இன்னும் பத்து.

"போதும், இங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றார் சூப்பர்வைசர். "அந்தப் பக்கத் தெருவுல ஒண்ணு பார்த்துட்டு டீ குடிக்கப் போவோம்."

பக்கத்துத் தெருவின் இந்த மாத எண்கள் யார் தலையிலும் இல்லை. மீட்டர்க்காரர் மூடியைத் தூக்கினார், படுத்தார், கையை விட்டார். லைட் எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பனியில் நிற்கிற ஆட்கள் மாதிரி ஐந்து இலக்கங்கள் நின்றன. இரண்டு தெரிந்தது. நடுவில் மூன்று, அல்லது எட்டு. போன மாதக் கணக்கு நினைவிருந்தது. இந்த வீட்டுக்கு மாதம் பதினைந்து யூனிட்டுக்கு மேல் ஓடாது. கூட்டிச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். கிட்டத்தட்ட வந்தால் போதும், பெயர் நிற்கும். வாயைத் திறந்தார்.

"என்னய்யா, தெரியலையா?" என்று மேலிருந்து கேட்டது சூப்பர்வைசர் குரல். "உன் கட்டை காலை வாருதா? அப்பவே நெனச்சேன். இந்த ஒட்டு வேலையெல்லாம் பார்க்கத்தான் பவுசு. நாலு தடவை எரியும், அஞ்சாவது தடவை கழுத்தறுக்கும்."

இதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். மீட்டர்க்காரருக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். பதினோரு வருடம், மனைவி, பட்டியல் எல்லாம் அதற்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. குழியிலிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். சட்டை முழுக்க மண்.

"மூணு கட்டையும் நல்லாத்தான் சார் இருக்கு" என்றார். "அதுல ஒரு குறையும் கிடையாது. இந்த நாலாவது கட்டையிலதான் கோளாறு."

நாலாவது எது என்று சூப்பர்வைசர் லைட்டைப் பார்த்தார். மீட்டர்க்காரர் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கட்டை. கண்ணுல புரை. நீங்க குனிஞ்சு பாருங்க, பளிச்சுன்னு தெரியும். தெரியலைன்னா லைட்டைத் திட்டுங்க."

சூப்பர்வைசர் லைட்டை வாங்கிக் குனிந்தார். ஒரே தடவையில் எண்ணைப் படித்துவிட்டார். மூன்றுதான் அது. எழுந்து லைட்டை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன்யா சொன்ன? உன்னை யாரு கேட்டா?" என்றார். உண்மையிலேயே அவருக்கு எரிச்சல். "தெரிஞ்சப்புறம் நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுவேன்?"

டீ குடிக்க இருவருமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். அவர் பெயர் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் தேறி வந்தால் அடுத்த பட்டியலில் பார்க்கலாம் என்றார் சூப்பர்வைசர். அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்றார். ஆனால் மனிதர் ஒரு காரியம் செய்தார். அலுவலகத்தில் இருக்கிற மற்ற பன்னிரண்டு லைட்டுக்கும் இதேபோல் அடாப்டர் செய்து கொடுக்கும்படி மீட்டர்க்காரரிடம் சொல்லி, மரத்துக்கு ஸ்டோருக்குத் தன் கையாலேயே சீட்டு எழுதினார்: 'கட்டை, முப்பத்தாறு, லைட்டுக்கு.'

இந்தத் தடவை மூன்றே நாளில் வந்துவிட்டது. ஸ்டோர்காரர் தானே பெட்டியைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார். முகம் கொள்ளாத பெருமை.

"ஒரு தடவைதான் ஏமாறுவேன். இப்பத்தான் 'லைட்டுக்கு'ன்னு தெளிவா எழுதியிருக்காங்க. கிடைக்கவே கிடைக்காதுன்னாங்க, எங்கெங்கேயோ அலைஞ்சு பிடிச்சேன். எண்ணிக்கோ."

பெட்டிக்குள் முப்பத்தாறு பெரிய பேட்டரி, புத்தம் புதுசு.

மீட்டர்க்காரர் திட்டவில்லை. திட்டுவதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மூன்றை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி அவற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்" என்றாள். சிரிக்க ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் மர அடாப்டர்களை வெளியே எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார். பெரிய பேட்டரியைப் போடவில்லை. அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"வரிசையில என் நம்பர் எத்தனை? இன்னொரு தடவை படி."

"முப்பத்தெட்டு."

"சரியாப் பாரு. எட்டா, மூணா?"

அவள் சீட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எட்டுதாங்க" என்றாள்.